சிங்கப்பூரில் கார் உரிமத் தேர்வு: முதல் பதிவிலிருந்து ஆரஞ்சுப் பலகை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் வீட்டிலும் சுற்றத்திலும் ஐந்தாறு பேருக்கு, தேர்வுக்குப் பதிவு செய்வதிலிருந்து தேர்வு நாள் காலை வரை நான் துணையாக இருந்திருக்கிறேன். அவர்களுள் தடுமாறியவர்கள் எவரும் கார் ஓட்டத் தெரியாமல் தடுமாறவில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் அதை வரிசை மாற்றிச் செய்ததால்தான் தடுமாறினார்கள். பதிவில் வரிசை மாறினால் மாதங்கள் வீணாகின்றன. ஓட்டும்போது வரிசை மாறினால் பிழைப் புள்ளிகள் ஏறுகின்றன. ஆகவே எதை எதற்கு முன் செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையே கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. பணம் கட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பார்வையும் நிறங்களைப் பிரித்தறியும் திறனும் சோதிக்கப்படும். ஆகவே கண்ணாடியின் பவர் மாறியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே புதுக் கண்ணாடி வாங்கிவிடுங்கள்.

அடுத்து வகுப்பு. வகுப்பு 3 எடுத்தால் கியர் மாற்றும் காரையும் தானியங்கிக் காரையும் ஓட்டலாம். வகுப்பு 3ஏ எடுத்தால் தானியங்கிக் கார் மட்டுமே. வேலைக்காக வேனோ சிறிய லாரியோ ஓட்ட வேண்டி வரலாம் என்றால் வகுப்பு 3 எடுப்பதே சரி. குடும்பக் காரும் வாடகைக் காரும் மட்டுமே ஓட்டப்போகிறவர்களுக்கு நான் 3ஏ என்றுதான் சொல்லுவேன். கிளட்சைக் கவனிப்பதில் செலவாகும் மனம், கண்ணாடியைப் பார்ப்பதற்கு மிஞ்சுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

மூன்றாவது, யாரிடம் கற்பது. புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் ஓட்டுநர் பள்ளிகள் இருக்கின்றன. தனியார் பயிற்றுநர்களும் உண்டு. ஆனால் 1987க்குப் பிறகு அவர்களுக்குப் புதிய உரிமங்கள் வழங்கப்படாததால், இருப்பவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள், எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. தனியாரிடம் கற்றாலும் தேர்வு இந்த மூன்று நிலையங்களில் ஒன்றில்தான் நடக்கும். வீட்டுக்கு அருகில் இருப்பதை மட்டும் பார்க்காமல், சுற்றியுள்ள சாலைகளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊபியில் பட்டறைகளுக்கு முன்னால் ஓரமாக நிற்கும் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு போகப் பழக வேண்டும். உட்லண்ட்ஸ் நிலையம் தொழிற்பேட்டைக்குள் இருப்பதால் கனரக லாரிகளோடு சேர்ந்து ஓட்டப் பழக வேண்டும். புக்கிட் பாத்தோக்கில் ஏற்ற இறக்கம் மிகுதி.

2. தமிழ்நாட்டு உரிமம் வைத்திருப்போர் கவனத்திற்கு

செல்லுபடியாகும் வெளிநாட்டு உரிமத்தோடு இங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்கு மேலும் தங்குவோர் சிங்கப்பூர் உரிமத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். 12 மாதம் முடியும் வேளையில் ஓடத் தொடங்குவதுதான் இவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தேர்வுக்கு இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், வந்து இறங்கிய முதல் சில மாதங்களிலேயே இந்தத் தேர்வை எழுதிவிடுவது நல்லது.

இந்தியாவைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். அதனாலேயே, ஊரில் பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்குத் தேவைக்கு மீறிய துணிச்சல் வந்துவிடுகிறது. பயிற்சி வகுப்புக்கு வரும்போது அவர்கள் முதலில் விட வேண்டியது ஹாரன் பழக்கத்தை. அடுத்து, நிறுத்தக் கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்து நிற்கும் பழக்கத்தை.

3. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு

சாலை விதிகளையும் குறியீடுகளையும் பற்றிய 50 கேள்விகள், 50 நிமிடம்; 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதாவது ஐந்து கேள்விகள் வரை மட்டுமே தவறலாம். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எழுதலாம்.

தமிழில் எழுத விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: படிக்கும் மொழியும் எழுதும் மொழியும் ஒன்றாக இருக்கட்டும். ஆங்கிலக் கையேட்டைப் படித்துவிட்டுத் தமிழில் எழுதச் சென்ற என் உறவினர் ஒருவருக்கு, கேள்விகளின் விடைகள் எல்லாம் தெரியும். ஆனால் சாலைக் குறியீடுகளின் தமிழ்ப் பெயர்கள் பழக்கமில்லாததால் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்து நேரத்தை இழந்தார். அவர் தமிழ் நன்றாகப் படித்தவர்தான். மொழித்திறன் மட்டும் அங்கே கைகொடுக்கவில்லை.

மாதிரிக் கேள்விகளை மனப்பாடம் செய்வது இரண்டாவது தவறு. கேள்வியின் சொல் ஒன்று மாறினாலும் விடை மாறிவிடும். ஒன்றையொன்று ஒத்திருக்கும் விதிகளை அருகருகே வைத்துப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, சாலையோரத்தில் இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்நேரமும் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது; அதே இரட்டைக் கோடு நெளிநெளியாக இருந்தால் ஆளை இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. மது அளவிலும் இப்படித்தான்: 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம், 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம். எண்ணும் அளவும் எதற்குரியவை என்று சேர்த்தே நினைவில் வைக்காவிட்டால், இரண்டையும் மாற்றிக் குறித்துவிடுவீர்கள்.

4. கற்றல் உரிமத்தை எப்போது வாங்குவது

அடிப்படைத் தேர்வில் தேறியதும் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிக் கற்றல் உரிமம் வாங்கலாம். அது 2 ஆண்டு செல்லுபடியாகும். அது கையில் இல்லாமல் சாலையில் ஒரு நிமிடம்கூடப் பழகக் கூடாது.

தேறிய மகிழ்ச்சியில் அன்றைக்கே அதை வாங்கிவிட்டு, வகுப்புக்கு இடம் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. 2 ஆண்டு என்பது நீண்ட காலமாகத் தோன்றும். வேலை மாற்றம், ஊர்ப்பயணம், ஒருமுறை தேர்வில் தவறினால் அடுத்த தேதிக்கான காத்திருப்பு என்று அது கரைந்துவிடும். முதல் ஓட்டுப் பயிற்சி எந்த வாரம் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, அதற்குச் சற்று முன்னதாக வாங்குங்கள். செய்முறைத் தேர்வு நாளன்றும் அது செல்லுபடியாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

5. இறுதிக் கோட்பாட்டுத் தேர்வும் சிமுலேட்டர் பயிற்சியும்

இறுதிக் கோட்பாட்டுத் தேர்விலும் 50 கேள்விகள்தான், 45 சரியாக இருக்க வேண்டும். இது வண்டியைக் கையாளுவதைப் பற்றிக் கேட்பதால், சில வகுப்புகள் ஓட்டிய பிறகு படித்தால் பாதிப் பாடம் தானாகவே புரியும். ஆனால் மிகவும் தள்ளிப்போடவும் கூடாது. இதில் தேறாமல் செய்முறைத் தேர்வுக்குப் பதிய முடியாது.

2019 டிசம்பர் 16 முதல், சாலைச் சூழலைத் திரையில் காட்டும் சிமுலேட்டர் கருவியில் பயிற்சி பெறுவதும் கட்டாயமாகிவிட்டது. தனியாரிடம் கற்பவர்கள் தவறவிடும் படி பெரும்பாலும் இதுவே. ஏனெனில் பயிற்றுநரின் காரில் இது நடக்காது. பள்ளிக்குச் சென்று தனியாகப் பதிய வேண்டும். காரில் எல்லாம் கற்று முடித்துவிட்டு, இந்த ஒன்றுக்காகக் காத்திருந்து கை தளர்ந்துபோனவர் ஒருவரை எனக்குத் தெரியும். இதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். பயிற்சி ஓட்டுநர்கள் விரைவுச்சாலையில் ஓட்ட அனுமதியில்லை என்பதால், அதைப் போன்ற சூழல்களை முன்கூட்டிக் காண உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இதுதான்.

இந்த இடத்தில் ஒரு தாளில் பின்னிருந்து முன்னாகத் திட்டம் எழுதிக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வுக்கு எத்தனை வாரக் காத்திருப்பு இருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்தத் தேதிக்கு முன் இறுதித் தேர்வு, சிமுலேட்டர், மீதமுள்ள வகுப்புகள் ஆகியவை எங்கே பொருந்தும் என்று குறியுங்கள். கடைசி வகுப்புக்கும் தேர்வுக்கும் இடையில் பல வாரங்கள் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தாளின் நோக்கம்.

6. எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு வரிசை

சர்க்கிட் எனப்படும் நிலையத்துப் பயிற்சித் தடத்திலும் சாலையிலும் நீங்கள் செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரே வரிசைதான்: நடுக்கண்ணாடி, திரும்பும் பக்கத்துக் கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேல் தலையைத் திருப்பி பிளைண்ட் ஸ்பாட் (கண்ணாடிகளில் தெரியாத பகுதி), அதன் பிறகே ஸ்டீயரிங்.

இவ்வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்பே சிக்னல் போட்டால், பின்னால் வேகமாக வரும் ஒருவருக்கு நீங்கள் இன்னும் காணாத ஆபத்தை அறிவிக்கிறீர்கள். சிக்னல் போட்டதுமே ஸ்டீயரிங்கைத் திருப்பினால், அவர் உங்கள் எண்ணத்தை அறிந்துகொள்ள நேரமில்லை. தலையைத் திருப்பிப் பார்ப்பது கடைசியாக வருவதற்குக் காரணம், இங்கே மோட்டார் சைக்கிள்கள் இரண்டு தடங்களுக்கு நடுவே வந்துவிடக்கூடும். மூன்று நொடிக்கு முன் கண்ணாடியில் இல்லாதவர் இப்போது உங்கள் கதவோரம் இருக்கலாம்.

நன்றாக ஓட்டுபவர்களுக்கும் இங்கேதான் பிழைப் புள்ளி ஏறுகிறது. அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கண்ணை மட்டும் ஓரமாகச் சுழற்றுகிறார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் தேர்வாளருக்கு அது தெரியாது. தாடை தோளைத் தொடும் அளவுக்குத் தலையைத் திருப்புங்கள். ஆனால் அந்த நேரத்தில் கையும் சேர்ந்து திரும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தலை திரும்பும் பக்கம் காரும் சாய்வது புதியவர்களின் இயல்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருக்கும் காரில், எஞ்சினை இயக்காமலேயே, இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லி ஐம்பது முறை பழகச் சொல்லுவேன். என் தங்கை அப்படிப் பழகித்தான் இரண்டாம் முறை தேறினாள்.

7. சர்க்கிட்டில் எதிர்பார்க்க வேண்டியவை

தேர்வு வழக்கமாக நிலையத்துக்குள் இருக்கும் சர்க்கிட்டில் தொடங்கும். இணையாக நிறுத்துதல், பின்னோக்கிச் செங்குத்தாக நிறுத்துதல், எஸ் வளைவு, கிராங்க் எனப்படும் செங்கோண வளைவு, குறுகிய இடத்தில் முன்பின் எடுத்துத் திசை மாற்றுதல், மேட்டில் நிறுத்தி எடுத்தல், அவசர பிரேக் ஆகியவை இருக்கும்.

வளைவுகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிட உட்புறமாகவே வரும். ஆகவே வெளிப்பக்கச் சாலையோரக் கல்லை ஒட்டி நுழைந்து தாமதமாகத் திருப்புங்கள். இடிக்கப் போகிறது என்று தோன்றினால் நின்றுவிடுங்கள். பார்த்துப் பின்னால் எடுத்துத் திருத்திக்கொள்வது, கல்லை உரசுவதைவிடவும் ஏறுவதைவிடவும் எவ்வளவோ மேல். சக்கரம் சாலையோரக் கல் மேல் ஏறினால் தேர்வு அத்தோடு தோல்வி.

நிறுத்தும்போது பெரும்பாலோர் பயிற்றுநர் சொன்ன அடையாளத்தையே நம்புகிறார்கள். இந்தக் கம்பம் அந்த ஜன்னல் மூலைக்கு வந்தால் ஒரு சுற்று திருப்பு என்பது போன்ற குறிப்புகள் அந்த ஒரு காருக்கும் அந்த ஓர் இருக்கை உயரத்துக்கும்தான் பொருந்தும். தேர்வன்று வேறு கார் கிடைத்தாலோ, இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்திவிட்டாலோ அவை பயன்படா. குறிப்பைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, இரு பக்கக் கண்ணாடிகளிலும் கோட்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத் திருத்தப் பழகுங்கள்.

மேட்டில் கார் பின்னோக்கி உருளக் கூடாது. கியர் காரில் கிளட்ச் பிடிக்கும் புள்ளியில் எஞ்சினின் ஒலி தாழ்வதைக் கேட்ட பிறகே ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். அந்த ஒலிக்கு முன் விட்டால் உருளும், வெகுநேரம் கழித்து விட்டால் எஞ்சின் நின்றுபோகும்.

அவசர பிரேக்கில், தேர்வாளர் சைகை தந்ததும் கண்ணாடியைப் பார்க்காமல், இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்க உறுதியாக அழுத்த வேண்டும். பார்த்துவிட்டு அழுத்தினால் அது அவசரத்துக்கு உதவாது. இங்கே வரும் தவறு பெரும்பாலும் பிரேக் அடித்த பிறகுதான் வருகிறது: நடுச்சாலையில் நின்றிருக்கிறோம் என்பதை மறந்து, நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். இரு தோள்களுக்கு மேலும் பார்த்துவிட்டே எடுக்க வேண்டும்.

8. சாலையில்

சாலைப் பகுதியில் எந்த வழி என்பதைத் தேர்வாளர்தான் சொல்லுவார். வழியை மனப்பாடம் செய்தவர்கள், அவர் வேறொரு திருப்பத்தைச் சொல்லும்போது குழம்புகிறார்கள். சொன்னது விளங்காவிட்டால் “மன்னிக்கவும் சார், மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. தவறான தடத்தில் இருக்கிறோம் என்று கடைசி நொடியில் தெரிந்தால், குறுக்கே வெட்டாமல் அந்தத் தடம் போகும் பக்கமே பத்திரமாகப் போங்கள். வழி தவறியதைவிட வெட்டியதே பெரிய பிழை.

வலப்பக்கத் திருப்பம்தான் சாலையில் மிகக் கடினமானது. எனவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிவப்பு அம்பு எரியும் சந்திப்பில் திரும்பவே கூடாது. அம்பு இல்லாமல் வெறும் பச்சை எரியும் சந்திப்பில், திரும்புவதற்கென வரையப்பட்ட இடம் வரை முன்னேறி, சக்கரத்தை நேராக வைத்து நில்லுங்கள். சக்கரம் திரும்பியிருக்கும்போது பின்னால் ஒருவர் இடித்தால், எதிரே வரும் வண்டிகளுக்குள் தள்ளப்படுவீர்கள். எதிரே இடைவெளி கிடைத்ததும் புறப்படத் துடிக்கும் மனத்தை அங்கே ஒரு கணம் நிறுத்தி, நீங்கள் நுழையப்போகும் சாலையில் பாதசாரிகளுக்கான பச்சை மனிதன் விளக்கு எரிகிறதா, யாராவது கடக்கிறார்களா என்று பாருங்கள். எதிர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்து, பாதசாரியைக் காணாமல் திரும்பி, தேர்வாளர் பிரேக்கை மிதித்த கதைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை, பலகை ஏதும் இல்லாத சாலையில் வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பள்ளி வட்டாரத்தில் மஞ்சள் விளக்குகள் மின்னும்போது 40. மூத்தோர் மிகுந்த சில்வர் ஸோன்களில் பலகை காட்டும் குறைந்த வேகத்தைக் கவனியுங்கள். பயத்தால் 30இல் ஊர்வதும் பிழைதான். பின்னால் வருபவர்களைத் தடுக்கிறீர்கள், தேவையில்லாமல் தயங்குகிறீர்கள் என்று அதற்கும் புள்ளி விழும்.

பேருந்துத் தடத்தை மறந்துவிடுவோர் பலர். சாதாரணப் பேருந்துத் தடம் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நடப்பில் இருக்கும். உங்கள் தேர்வு அந்த நேரத்தில் விழுந்தால், இடப்பக்கம் ஒட்டி ஓட்டும் பழக்கமே உங்களை அதற்குள் இழுத்துவிடும். பேருந்து நிறுத்தத்தின் முன் சாலையில் முக்கோணக் குறிகள் வரைந்திருந்தால், வெளியே வரும் பேருந்துக்கு வழிவிட வேண்டும்.

சந்திப்புகளில் சாலை மேல் வரையப்பட்டிருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள், மறுபுறம் உங்கள் காருக்கு இடம் இருப்பதைக் கண்ட பிறகே நுழையுங்கள்.

9. தேர்வு நாள்

அடையாள அட்டை, கற்றல் உரிமம், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு வண்டியின் எண் பலகையைப் படிக்கச் சொல்லுவார்கள். அதைப் படிக்க முடியாவிட்டால் ஓட்டவே விடமாட்டார்கள். காலைப் பிடித்து நிற்கும் காலணி அணியுங்கள், செருப்பு வேண்டாம்.

தேர்வுக்கு முன்னால் ஒரு பயிற்சிச் சுற்று பதிந்துகொள்வது பணத்துக்குத் தகுந்த பலன் தரும். அந்தச் சுற்றில் புதிதாக எதையும் கற்க முயலாதீர்கள். பிரேக் எவ்வளவு கூர்மை, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை மட்டும் காலுக்கு நினைவூட்டுங்கள். வைப்பர், முகப்பு விளக்கு, கண்ணாடியின் ஆவியை நீக்கும் பொத்தான் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தொட்டுப் பாருங்கள். பிற்பகல் மழை இங்கே சொல்லாமல் வரும். ஆவி படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டே ஓட்டியவரைத் தேறவைக்க எந்தத் தேர்வாளராலும் முடியாது.

காரில் ஏறியதும் இருக்கை, கண்ணாடிகள், இருக்கை வார் என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். இருக்கையைப் பிறகு நகர்த்தினால் கண்ணாடிகளை மறுபடி திருப்ப வேண்டியிருக்கும் என்பதால்தான் இவ்வரிசை. அவசரப்பட வேண்டாம், இந்த ஒரு நிமிடத்தை யாரும் குறைவாக மதிப்பிடுவதில்லை.

10. புள்ளிகள் எப்படி ஏறுகின்றன

பிழையின் கடுமைக்கேற்பப் புள்ளிகள் சேரும். மொத்தம் 18ஐத் தாண்டினால் தோல்வி. இதற்கு வெளியே, உடனடித் தோல்வி தரும் பிழைகள் தனி: சிவப்பு விளக்கைக் கடப்பது, நிறுத்தக் கோட்டில் நிற்காமல் செல்வது, கல் மேல் ஏறுவது, தேர்வாளர் குறுக்கிட்டுத் தடுக்க வேண்டி வருவது போன்றவை.

ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும், தோற்றுவிட்டோம் என்று முடிவுகட்டி மனம் தளர்ந்து அடுத்தடுத்துப் பிழை செய்பவர்கள் மிகுதி. கணக்கை நீங்கள் வைக்காதீர்கள். இணையாக நிறுத்தும்போது ஒரு முறை கூடுதலாக முன்பின் எடுத்தது உங்களுக்குப் பெருங்குற்றமாகத் தோன்றலாம். தாளில் அது சிறு எண்ணாகவே இருக்கும். எஞ்சின் நின்றுபோனாலும் ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மீண்டும் இயக்கி, பார்த்துவிட்டு எடுங்கள்.

முடிந்ததும் தேர்வாளர் பிழைகளை விளக்குவார். தோற்றவர்கள் அந்த நேரத்தில் காது கொடுப்பதே இல்லை. ஆனால் அடுத்த முறைக்கான பாடத்திட்டம் அதுதான். வெளியே வந்ததும் அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, உங்கள் பயிற்றுநரிடம் அதைக் காட்டி, அந்தப் பிழைகளுக்காக மட்டும் வகுப்பு கேளுங்கள். மறுதேர்வுக்கான தேதியை அன்றே தேடுங்கள்; ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கிடைக்கும் தேதி மேலும் பல வாரம் தள்ளிப்போகும்.

11. தேர்ச்சிக்குப் பிறகு

தேறிவிட்டீர்கள் என்று சொன்னது ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது. இணையத்தில் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) வழி விண்ணப்பித்து, 50 வெள்ளி கட்டி, உரிமம் வழங்கப்பட்ட பிறகே தனியாக ஓட்டலாம். அன்று மாலையே அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது உரிமமின்றி ஓட்டிய குற்றமாகும். இன்னொன்று, அந்தக் காரின் காப்பீடு புதிய ஓட்டுநரை ஏற்கிறதா, விபத்து நேர்ந்தால் கூடுதலாக எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்பதைக் கார் உரிமையாளர் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

முதல் ஓராண்டு தகுதிகாண் காலம். காரின் முன், பின் கண்ணாடி இரண்டிலும், புதிய ஓட்டுநர் என்பதைக் காட்டும் ஆரஞ்சுப் பலகை இருக்க வேண்டும். பலர் ஓட்டும் குடும்பக் காரில், அண்ணன் கழற்றி வைத்துவிட்டுப் போனதைத் தம்பி கவனிக்காமல் எடுத்துச் செல்வது எளிதாக நடந்துவிடும். அந்த ஓராண்டுக்குள் போக்குவரத்துக் குற்றங்களுக்கான குற்றப்புள்ளிகள் 13 அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். பிறகு அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்விலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.